மந்தவெளிப் புல்லுக்கும் பசி உண்டு!

  

உரத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் ரோட்டில் உட்காருகிறோம். கரும்புப் பணம் பாக்கி என்றால் கொடி பிடிக்கிறோம். நெல்லுக்கு விலை, ஏரிக்குத் தூர், போருக்குக் கரண்ட் என்று எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் அடித்தாயிற்று. இந்த முறை நோட்டீஸ் மேய்ச்சல் தரையைப் பற்றியது. "இதுக்கெல்லாமா போராட்டம்?" என்று யாரும் சிரித்துவிட வேண்டாம். தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் வாங்கியே பால் காசு கரைந்து போகிறதே, அதன் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போனால் மந்தவெளியில்தான் வந்து நிற்கும்.

பண்டசோழநல்லூரிலிருந்து நெட்டப்பாக்கம், ஏரிப்பாக்கம், கரியமாணிக்கம், மடுகரை வரைக்கும் எந்த ஊர்ப் பெரியவரைக் கேட்டாலும் மாடு மேய்ந்த இடம் என்று ஒரு திசையைக் கை காட்டுவார். ஏரி உள்வாய், வாய்க்கால் கரை, களத்துமேடு, மந்தவெளி. இன்றைக்கு அங்கே போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மனைப்பிரிவுக் கல், ஒரு பக்கம் சீமைக் கருவேலம். நடுவே மிச்சம் இருக்கிற கொஞ்சத் தரையில் மாடு வாய் வைத்தால் புல்லைவிட மண்ணுதான் அதிகம் வருகிறது. மழை பெய்தால் பத்து நாள் பச்சை காட்டுகிறது. அப்புறம் தரை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போகிறது.

மழை குறைவு, மாடு அதிகம் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். மாட்டுக் கொட்டகை வருஷா வருஷம் குறைந்துகொண்டு வருகிறது, அப்படி இருக்க மாடு அதிகம் என்பது எப்படிப் பொருந்தும்? காரணம் வேறே. அந்தத் தரைக்கு யாரும் சோறு போடவில்லை.

ஒரு வழிப் பாதை

கணக்கைப் பாருங்கள். காலையில் மாட்டை ஓட்டுகிறோம். மாடு பகலெல்லாம் மந்தவெளிப் புல்லைத் தின்கிறது. பொழுது சாய்ந்தால் கொட்டகைக்கு வருகிறது. ராத்திரி போடும் சாணி எருக்குழிக்குப் போகிறது. எருக்குழியிலிருந்து கழனிக்கும் கொல்லைக்கும் போகிறது. பகலில் மந்தவெளியில் விழுந்த சாணியையும் கூடையில் பொறுக்கி வரட்டி தட்டியாகிறது. அதாவது சத்து போகிற பாதை ஒரு வழிப் பாதை. மந்தவெளியிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து கழனிக்கு. திரும்பி வருகிற வண்டியே கிடையாது. இது ஒரு வருஷம் ரெண்டு வருஷ வழக்கம் இல்லை, தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பேங்கில் பணம் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் பாஸ்புக் என்ன ஆகும்?

மாடு தின்கிற தழைச்சத்தில் பாலுக்கும் உடம்புக்கும் போவது கால் பங்கு. மீதி முக்கால் பங்குக்குக் குறையாமல் சாணியாகவும் மூத்திரமாகவும் வெளியே வந்துவிடுகிறது. கறவை இல்லாத மாட்டில் இன்னும் அதிகம். ஆக, புல்லில் இருந்த சத்து மாட்டின் வயிற்றில் தொலைந்து போவதில்லை. மாடு அதை ஒரு இடத்தில் ஏற்றி இன்னொரு இடத்தில் இறக்குகிறது, அவ்வளவுதான். எங்கே இறக்குவது என்று தீர்மானிப்பது நாம்.

இதை வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1889-ல் வோல்கர் என்ற விவசாய ரசாயன நிபுணரை இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். ஊர் ஊராகச் சுற்றி 1893-ல் அறிக்கை கொடுத்தார். இந்திய விவசாயி முட்டாள் இல்லை, விறகு கிடைக்காததால்தான் சாணியை எரிக்கிறான், ஊருக்கு ஊர் விறகுக்கும் தீவனத்துக்கும் காடு ஒதுக்கிக் கொடுத்தால் சாணி நிலத்துக்குப் போகும் என்பதுதான் அதன் சாரம். நூற்று முப்பது வருஷம் தாண்டிவிட்டது. ஒதுக்கிக் கொடுப்பது இருக்கட்டும், இருந்த புறம்போக்கையும் அல்லவா காணோம்!

"கொல்லைக்கே பத்தலை, மந்தவெளிக்கு எதுக்கு?"

சங்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தவுடன் முதலில் வந்த கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் மேடைப் பேச்சில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

நம் பக்கத்து மாடு ஒன்று நாளைக்குப் பத்து கிலோ சாணி போடுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு மூன்றரை டன். சாணியில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். கூளம் சேர்த்து மக்க வைத்து எடுத்தால் ஒன்றரை டன் எரு தேறும். நல்ல தொழு உரத்தில் டன்னுக்குத் தழைச்சத்து 5 கிலோ, மணிச்சத்து 2 கிலோ, சாம்பல்சத்து 5 கிலோ என்று வேளாண்மைத் துறையின் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு மாட்டின் ஒரு வருஷ எருவில் ஏழரைக் கிலோ தழைச்சத்து. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருபது கிலோவுக்கு மேல் இருக்கிறது. அதுவும் எருவில் உள்ளது அத்தனையும் முதல் வருஷமே பயிருக்குக் கிடைக்காது, மெல்ல மெல்லத்தான் கிடைக்கும். ஆகவே நாலு மாட்டை வைத்து யூரியாவையே ஓட்டிவிடலாம் என்று யாராவது பேசினால் கையைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். எருவின் பலம் கிலோக் கணக்கில் மட்டும் இல்லை. மண்ணைப் பொலபொலப்பாக்குவது, ஈரத்தைப் பிடித்து வைப்பது, மண்புழுவுக்குச் சோறு போடுவது. வெளுத்துப்போன மேய்ச்சல் தரைக்கு முதலில் வேண்டியது அதுதான்.

இப்போது ஊர்க் கணக்குக்கு வருவோம். நூறு மாடு உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த எரு 150 டன். மேயும் எட்டு மணி நேரத்தில் வெளியே விழுவது மூன்றில் ஒரு பங்கு. அது போகக் கொட்டகையில் சேர்வது 100 டன். கொழுக்கட்டைப்புல் மாதிரியான மேய்ச்சல் புல்லுக்கு ஹெக்டேருக்கு 5 டன் தொழு உரம், அதாவது ஏக்கருக்கு ரெண்டு டன் என்பது பொதுவான சிபாரிசு. ஊரில் ஐந்து ஏக்கர் மேய்ச்சல் தரை மிச்சம் இருந்தால் அதற்குத் தேவை பத்து டன்.

பத்து வண்டிக்கு ஒரு வண்டி! ஒன்பது வண்டி உங்கள் கழனிக்கு, ஒரு வண்டி மந்தவெளிக்கு. இதைத்தான் கேட்கிறோம். அந்த ஒரு வண்டியும் உங்கள் மாட்டின் வாய்க்கே புல்லாகத் திரும்பி வருகிறது. லோடு கணக்கில் வெளியூர்த் தோப்புக்கு எருவை விற்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். லாரியில் ஏறிப் போவது சாணி மட்டும் இல்லை, நம் ஊர் மண்ணின் சாறு.

கொட்டகையில் ஓடிப்போகும் மூத்திரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் பாதியும், சாம்பல்சத்தில் பெரும் பங்கும் மூத்திரத்தில்தான் இருக்கிறது. நம் நாட்டில் பொட்டாஷ் உரம் வெட்டி எடுப்பது கிடையாது, மூட்டை முழுக்கக் கப்பலில் வருகிறது. கப்பல் ஏறி வரும் சரக்குக்கு ரேஷன் கடை மாதிரி கியூ நிற்கிறோம். கொட்டகையில் இருக்கிற சாம்பல்சத்தைச் சாக்கடையில் விடுகிறோம். கொட்டகைத் தரையில் மண்ணோ, மட்கிய வைக்கோலோ, கடலைத் தோலோ பரப்பி வைத்து, ஊறிய பிறகு வாரி எருக்குழியில் போட்டால் போதும். இதற்கு மானியமும் வேண்டாம், மந்திரியும் வேண்டாம்.

எப்படிப் போடுவது

சாணியை அள்ளி அப்படியே புல்லின் மேல் கொட்டினால் எரு போட்டதாகிவிடாது. பச்சைச் சாணி விழுந்த இடத்தைச் சுற்றி உள்ள புல்லை மாடு தொடாது. வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அங்கங்கே திட்டுத் திட்டாகப் புல் முற்றிப் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதனால்தான். இன்னொரு தொல்லை குடற்புழு. சாணியில் வரும் புழு முட்டை பொரித்து, குஞ்சுப் புழு பனி ஈரத்தில் புல் நுனிக்கு ஏறுகிறது. விடிகாலைப் பனியோடு மேய்கிற கன்று அதை விழுங்குகிறது. வயிறு உப்பி, ரோமம் சிலிர்த்து, கழிச்சல் பிடித்து நிற்கும் கன்றுக்குட்டிகளுக்குப் பல நேரம் நோய் இப்படித்தான் வருகிறது. பனி காய்ந்த பிறகு ஓட்டுங்கள் என்று அந்தக் காலத்தில் பெரியவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

ஆகவே மக்கிய எருதான் மேய்ச்சல் தரைக்கு. குழியில் அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, ஒரு தடவையாவது புரட்டிவிட்டால் உள்ளே சூடேறும். அந்தச் சூட்டில் புழு முட்டையும் களை விதையும் பெரும்பாலும் செத்துப் போகும். சீமைக் கருவேலம் ஊர் முழுக்கப் பரவியதில் காற்றுக்குப் பங்கு இல்லை. கோடையில் மாடும் ஆடும் அதன் நெற்றைத் தின்று, விதை செரிக்காமல் சாணியோடு இறங்கி, எரு கூடவே கிடைத்துச் செழிப்பாக முளைக்கிறது! மக்காத சாணியை மந்தவெளியில் இறைத்தால் நாமே கருவேலம் விதைத்த கணக்கு.

காலம் முக்கியம். கோடை வெயிலில் இறைத்த எருவில் தழைச்சத்து ஆவியாகி மேலே போய்விடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இறைத்தால் அடித்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடும். 2024-ல் நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதன் பின்னாலேயே சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர்ப் பக்கத்துக் கழனிகளை மூழ்கடித்தது. அப்படிப்பட்ட மழையில் எருவும் நிற்காது, மண்ணும் நிற்காது. ஏரியில் சேர்ந்த எருச் சத்து ஆகாயத்தாமரைக்குத்தான் விருந்து. நம் பக்கத்துக்குத் தோதான நேரம் ஆவணி, புரட்டாசி. ஒரு மழை பெய்து தரை நனைந்து, புல் துளிர்க்கப் போகிற சமயம், சாயங்கால வேளையில் மெல்லிசாக இறைக்க வேண்டும். புல் மூடிப் போகிற மாதிரி கொட்டக் கூடாது. ஏரி, குளம், வாய்க்கால் ஓரம் ஒரு இருபது முப்பது அடியை விட்டுவிட வேண்டும். இறைத்த பகுதியில் குறைந்தது மூன்று நாலு வாரம் மாடு இறங்கக் கூடாது. அடைப்பான் மாதிரி நோய் வந்து செத்த மாட்டின் சாணியும் கூளமும் மந்தவெளிப் பக்கமே வரக் கூடாது. அந்த நோயின் கிருமி மண்ணில் வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும்.

மேயும்போது தரையில் விழுகிற சாணிக்கும் ஒரு வழி உண்டு. நல்ல வெயில் நாளில் ஒரு முள்மரக் கிளையைக் கட்டி இழுத்தால் சாணி உடைந்து பரவிவிடும், புழுவும் வெயிலில் காய்ந்து சாகும். மழை நாளில் இதைச் செய்தால் புழுவைப் பரப்பின மாதிரி ஆகும், வேண்டாம். மிச்ச வேலையைச் சாணி வண்டு பார்த்துக்கொள்ளும். அந்த வண்டை லேசாக நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் மாடு வெளிநாட்டிலிருந்து போனது, அங்கே இருந்த வண்டுக்கு மாட்டுச் சாணியைச் சமாளிக்கத் தெரியவில்லை. மேய்ச்சல் தரை சாணியால் மூடி, ஈ மொய்த்து, கடைசியில் அந்த அரசாங்கமே 1960-களின் பிற்பகுதியில் வெளிநாட்டிலிருந்து சாணி வண்டு இறக்குமதி செய்து விட்டது. நமக்கு அது இலவசமாக இருக்கிறது. ஐவர்மெக்டின் மாதிரி சில புழு மருந்து போட்ட மாட்டின் சாணி வண்டுக் குஞ்சுக்கு ஆகாது. டாக்டரைக் கேட்டுத் தேவைக்கு மட்டும் போடுங்கள்.

காங்கேயத்தைப் பாருங்கள்

மேய்ச்சல் தரையை ஒரு பயிர் மாதிரி வளர்க்கிற ஊர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கம் கொறங்காடு என்பார்கள். நம் பக்கத்தைவிட மழை ரொம்பக் குறைவான பூமி. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். காட்டைப் பாகம் பாகமாகப் பிரித்து ஒன்றில் மேய்த்து ஒன்றை ஆறப் போடுகிறார்கள். மாடு அங்கேயே மேய்ந்து அங்கேயே படுக்கிறது, சாணியும் மூத்திரமும் அங்கேயே விழுகிறது. எடுத்தது அதே இடத்தில் திரும்புகிறது. வேலமரத்து நெற்று கோடையில் ஆட்டுக்குத் தீவனம். உலகத்துக்கே தெரிந்த காங்கேயம் மாட்டின் பலம் இந்தப் புல்லில் வந்ததுதான்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். கொறங்காடு பட்டா நிலம், ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். ஆகவே வேலியும் போடுவான், ஆறவும் போடுவான். நம்முடையது பொது நிலம். எல்லாருக்கும் சொந்தம் என்றால் யாருக்கும் கவலை இல்லை என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் இதைத் தனி ஆள் செய்ய முடியாது, சங்கமாகத்தான் செய்ய முடியும். தரையை நாலு பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தை மாதக்கணக்கில் ஆறப் போட ஊர் சம்மதிக்க வேண்டும். ராத்திரியில் திருட்டு மேய்ச்சல் விடுகிறவனை ஊரே கேட்க வேண்டும். இதில் பெரிய மாட்டுக்காரர், சின்ன மாட்டுக்காரர் என்ற பேதம் கூடாது.

இன்னொன்றும் உண்டு. மந்தவெளிச் சாணியைப் பொறுக்கி வரட்டி தட்டும் பெண்கள் பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள். கேஸ் சிலிண்டர் விலையைக் கேட்டு மறுபடி அடுப்புக்கு வரட்டி தேடுகிறவர்கள். மேய்ச்சல் தரையைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்கள் கூடையைப் பிடுங்கும் வேலையைச் சங்கம் செய்யாது. யாரும் செய்யவும் விடாது. எருக்குழி வேலையையும் எரு இறைக்கும் வேலையையும் அவர்களுக்குக் கூலி வேலையாக ஆக்க வேண்டும். 2005-ம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே பொது நிலத்தை மேம்படுத்துகிற வேலைக்கு இடம் இருந்தது. கிராம வேலைத் திட்டம் எந்தப் பெயரில் ஓடினாலும் ரோட்டோரப் புல்லைச் செதுக்குவதற்குப் பதில் இந்த வேலையைக் கொடுக்கட்டும். சத்தீஸ்கரில் 2020 ஜூலையில் ஒரு திட்டம் போட்டு, சாணியைக் கிலோ 2 ரூபாய்க்கு அரசே வாங்கியது. மண்புழு உரமாக்கும் வேலையைப் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்தது. 2023-ல் ஆட்சி மாறியதும் அது படுத்துவிட்டது. கட்சித் திட்டமாகப் போட்டால் கட்சியோடு போகும். சட்டமாகப் போடு என்று நாம் கேட்பது அதனால்தான்.

நெதர்லாந்தில் விவசாயிகள் 2019 அக்டோபரில் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு போய், அரசாங்கம் உட்காரும் ஹேக் நகரத்து ரோடுகளை அடைத்தார்கள். காரணம் தெரியுமா? அங்கே மாடும் சாணியும் அதிகமாகி, காற்றும் தண்ணீரும் கெட்டு, மாட்டைக் குறை என்று பேச்சு வந்துவிட்டது. அங்கே இஷ்டப்பட்ட மாதத்தில் எரு இறைக்க முடியாது, குளிர்காலத்தில் தடை. அங்கே அதிகமாகிச் சண்டை, இங்கே மிச்சம் இல்லாமல் சண்டை. ரெண்டு இடத்திலும் மாடு ஒரு பக்கம், புல் ஒரு பக்கம் என்று பிரிந்து போனதுதான் வினை.

யாரைக் கேட்பது?

எருவுக்கு நாம் பொறுப்பு. நிலத்துக்கு? மேய்க்கால் புறம்போக்கு எங்கே, எவ்வளவு, யார் கையில் என்று கேட்கப் போனால் ஒரு மேஜை இன்னொரு மேஜையைக் காட்டுகிறது. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் தேர்தல் என்ற பேச்சையே தள்ளித் தள்ளிப் போட்டு அதிகாரிகளை வைத்தே ஓட்டினார்கள். ஊர்ப் பொது நிலத்துக்குக் காவலாக ஊர்க்காரன் ஓட்டுப் போட்ட ஆள் இல்லாத அந்த வருஷங்களில்தான் மனைப்பிரிவுக் கல் வேகமாக நடப்பட்டது.

ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2011 ஜனவரி 28-ம் தேதி ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாட்டியாலா ஜில்லாவில் ஊர்க் குளத்தை ஆக்கிரமித்த வழக்கு. குளம், மேய்ச்சல் தரை, களம் போன்ற ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை அகற்றி ஊருக்கே திருப்பித் தர எல்லா மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் திட்டம் போட வேண்டும், நீண்ட காலம் அனுபவித்தான், வீடு கட்டிவிட்டான், பெரிய செலவு செய்துவிட்டான் என்பதெல்லாம் சாக்கு ஆகாது என்பது அந்தத் தீர்ப்பு. நிலமற்ற ஏழைகளுக்கு அரசே கொடுத்த இடம் மாதிரியானவற்றுக்கு அதிலேயே விதிவிலக்கு உண்டு. நாமும் குடிசைக்காரனைக் குறி வைக்கவில்லை. கல் நட்டு பிளாட் போட்டவனைத்தான் கேட்கிறோம்.

நம் கோரிக்கை இவ்வளவுதான். கொம்யூன் வாரியாக மேய்ச்சல் புறம்போக்கை அளந்து பட்டியலைச் சுவரில் ஒட்டு. ஆக்கிரமிப்பை எடு. சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கிக் கொழுக்கட்டைப்புல், முயல்மசால் விதையை இலவசமாகக் கொடு. எருக்குழி வெட்டவும் எரு இறைக்கவும் கூலி கொடு. ரசாயன உரத்துக்குக் கொட்டுகிற மானியத்தில் ஒரு பங்கைத் தொழு உரத்துக்கும் கொடு.

மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் வேலை தொடங்கிவிட்டது. கையெழுத்து மட்டும் போதாது. ஒவ்வொரு வீட்டிலும் மாடு எத்தனை, எருக்குழி உண்டா இல்லையா, எத்தனை வண்டி எரு தேறும், எங்கே மேய்க்கிறீர்கள் என்ற நாலு விவரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பால் ஊற்ற வரும்போது கிளைப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் மந்தவெளியின் பழைய எல்லையைச் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சர்வே நம்பர் தெரிந்தவர்கள் நம்பரைப் போடுங்கள். கணக்கு கையில் வந்தவுடன் கொம்யூன் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போவோம். மாட்டையும் கூடவே ஓட்டிக்கொண்டு வாருங்கள்!